தோட்டமே பார்க்காத படம்

என்னுடைய பேய்ப் படத்தை முதன்முதலில் பார்த்தது மாரியம்மன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் ஒரு படிவத்தில் இந்த உண்மையை மறைக்க நான் பட்ட பாடு எனக்கும் அம்மனுக்கும்தான் தெரியும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எதுவானாலும் முதலில் கோயிலுக்குப் போகும். புது ஆட்டோ வாங்கினால் சாவி அம்மன் காலடியில் கிடக்கும். பிள்ளை ஓ.எல். பரீட்சை பாஸானால் ரிசல்ட் வந்த போனையே கொண்டுபோய் உண்டியலுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அதனால் நாற்பத்தெட்டு வயதில் நான் இருபத்திரண்டு நிமிடப் படம் ஒன்றை எடுத்து முடித்தபோது, அதைக் கோயில் மண்டபத்தில் போட்டுக் காட்டலாமா என்று யாரும் கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்டார்கள்.

நான் கல்யாண வீடியோக்காரன். ஹட்டனிலிருந்து கந்தப்பளை வரைக்கும் பாதிக் குடும்பங்களின் தாலி கட்டு என் கையிலிருந்த கேமராவுக்குள் புகுந்து வந்ததுதான். இருபது வருடமாக அடுத்தவர்கள் சிரிப்பதையும் சாப்பிடுவதையும் எடுத்து எடுத்து, ஒரு மழைக்காலத்தில் கல்யாணமே இல்லாமல் சும்மா இருந்தபோது, நாமே ஒன்று எடுத்தால் என்ன என்று தோன்றிவிட்டது. வயிற்றுக் கோளாறு மாதிரி, தோன்றினால் நிற்காது.

கதை சின்னது. காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுகிறார். செத்துப்போன ஒருத்தியின் பேர் தவறுதலாகச் செக்ரோல் பேரேட்டில் இருந்துவிடுகிறது. கூப்பிட்டுவிடுகிறார். பனிக்குள்ளிருந்து, வரிசையின் கடைசியிலிருந்து, 'இருக்கேங்க' என்று குரல் வருகிறது. அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் தினமும் வேலைக்கு வருகிறாள். செத்த பிறகும் கொழுந்து பறிக்கிறாள். எங்கள் ஊர்ப் பேய்க்குப் பழிவாங்கவெல்லாம் நேரம் கிடையாது. பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான் விழும்.

கணக்கப்பிள்ளையாகக் கணக்கப்பிள்ளையே நடித்தார். கொழுந்து பறிக்கிறவர்களாகக் கொழுந்து பறிக்கிறவர்கள். பேயாக நடித்தது எங்கள் லயத்து வீட்டு வரிசையில் மூன்றாவது காம்பராவில் இருக்கிற அக்கா. கூடப்பிறந்தவள் இல்லை, சுவர் ஒட்டிப் பிறந்தவள். ஐம்பது வயது. அதற்கு முன் பள்ளிக்கூட நாடகத்தில்கூட நின்றதில்லை. ஆனால் பனியில் நின்று மெதுவாக முகத்தைத் திருப்பிப் பார்த்தபோது, கேமராவைப் பிடித்திருந்த நானே ஓர் அடி பின்வாங்கினேன். அந்தக் காட்சி இன்றைக்கும் படத்தில் கொஞ்சம் ஆடும். அதை 'உத்தி' என்று எழுதிக்கொண்டேன்.

காட்டியது ஒரு ஞாயிறு மத்தியானம். மண்டபத்து ஜன்னல்களில் சாக்கு கட்டி இருட்டாக்கி, வெள்ளைத் துணியில் போட்டோம். கர்ப்பகிருகத் திரையை விலக்கிவைத்தார் பூசாரி. ஆத்தாளுக்குத் துணி நேராகத் தெரிய வேண்டுமாம். அக்கா திரும்பிப் பார்க்கிற இடம் வந்தபோது பெண்கள் கத்தினார்கள். கத்தி ஓய்ந்து எல்லாரும் மூச்சை இழுக்கிற அந்த ஒரு நொடியில், பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்:

"டேய், அது என் பொண்டாட்டிடா!"

மண்டபம் இடிந்துவிழும்போல் சிரிப்பு. விசில். கைதட்டல். சொன்னது அக்காவின் வீட்டுக்காரர். அவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து அரைக்கிற ரோலர் பக்கம் வேலை. அந்த மெஷின் போடுகிற சத்தத்தில் பேசிப் பயனில்லை என்று பேச்சையே விட்டவர், வீட்டுக்கு வந்தும் திரும்ப எடுத்ததில்லை.

அந்தக் காட்சியையும் அந்தக் குரலையும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அக்காவின் போனிலேயே பிடித்துவிட்டாள். இரண்டு நிமிடம்கூட இல்லை. திரை ஒரு மூலையில் வெளிச்சமாகத் தெரியும், மீதியெல்லாம் தலைகள். ஆனால் குரல் தெளிவாக இருக்கும்.

அக்கா அதைப் போடாத இடமில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில், தண்ணீர்ப் பைப்படியில், ஹட்டன் பஸ்ஸில். என்னிடமே பத்துத் தடவை போட்டுக் காட்டியிருப்பாள்.

"படத்தைப் பாக்காத தம்பி, சத்தத்தைக் கேளு. இருவத்தாறு வருசமா என்னைய என்னான்னு கூப்புடுவாரு தெரியுமா? இந்தா. சோறு வேணும்னாலும் இந்தா, வெந்நி வேணும்னாலும் இந்தா. இதுல பாரு. நாலு பேருக்கு முன்னாடி, என் பொண்டாட்டிங்கிறாரு."

"மச்சான் என்ன சொல்றாரு அக்கா?"

"வாய் தவறி வந்துருச்சாம்." சொல்லிவிட்டு மறுபடி போட்டாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் நல்ல மனிதனாகவே இருந்திருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து, கொட்டகலைப் பக்கம் ஒரு சடங்கு வீட்டில் பையன் ஒருத்தன் சொன்னான், பேய்ப் படங்களுக்கென்றே வெளிநாட்டில் விழா இருக்கிறதாம். பேய், ரத்தம், வேற்றுக்கிரகவாசி, இதுமாதிரி வகையறாக்கள் மட்டும்தான் எடுப்பார்களாம். வருடத்தில் பாதி நாள் சூரியனையே பார்க்காத ஒரு வடதேசத்து ஊர். பேய் பார்க்க ஏற்ற ஊர்தான். பஸ்ஸில் வரும்போதே போனில் படிவத்தைத் திறந்துவிட்டேன்.

படிவம் நல்ல படிவம். படத்தில் ரத்தம் எவ்வளவு வருகிறது என்று கேட்டிருந்தார்கள். அட்டைக்கடி கணக்கில் சேருமா என்று யோசித்து 'சிறிதளவு' என்று போட்டேன். ஏன் இந்தப் படத்தை எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் கல்யாணம் இல்லை என்பதை இருநூறு வார்த்தை இங்கிலீசில் 'உழைப்பும் மரணமும்' என்று எழுதினேன். அப்புறம் வந்தது அந்தக் கேள்வி. இந்தப் படம் இதற்கு முன் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டதா? ஆம் அல்லது இல்லை. மேலே சிவப்பில் ஒரு வரி: வேறெங்கும் திரையிடப்படாத படங்களே ஏற்கப்படும்.

எனக்கு வேர்த்தது. நுவரெலியாப் பக்கம் வேர்ப்பது லேசில் நடக்காது.

ஆம் என்று போட்டால் முடிந்தது. இல்லை என்று போட்டால் பொய். பொய்கூடப் பரவாயில்லை, பிடிபட்டால்? வெள்ளைக்காரர் ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு தோட்டத்து ரோட்டில் ஏறிவந்து, பைப்படியில் நிற்கிற பெண்களிடம் 'படம் பார்த்தீர்களா' என்று விசாரிப்பதாக எனக்கு ஒரு காட்சி ஓடியது. அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது என்பதுதான் பயங்கரம். நான் எடுத்த பேய்ப் படத்தைவிட என் மண்டைக்குள் ஓடிய படம் நன்றாக இருந்தது.

இரண்டு நாள் படிவத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் ஒரு சட்ட நுணுக்கத்தைக் கண்டுபிடித்தேன். கேள்வி என்ன? பொதுமக்களுக்குக் காட்டினாயா என்பது. மண்டபத்தில் இருந்தவர்கள் யார்? எல்லாரும் நடித்தவர்கள், இல்லையென்றால் நடித்தவர்களின் வீட்டுக்காரர்கள். அவர்கள் எப்படிப் பொதுமக்கள் ஆவார்கள்? ஆகவே படத்தைப் பொதுமக்கள் யாரும் பார்க்கவில்லை. 'இல்லை' என்பதில் விரலை வைத்தேன்.

ஆனால் அந்த வெள்ளைக்காரர் மண்டையிலிருந்து இறங்கவில்லை. மறுநாள் காலையில் பெரட்டுக் களத்துக்கே போனேன். கணக்கப்பிள்ளை நம் நடிகர் அல்லவா, ஐந்து நிமிடம் விட்டுக்கொடுத்தார். நாற்பது பேருக்கு முன்னால் கல்லில் ஏறி நின்று விசயத்தைச் சொன்னேன்.

"யாராவது வந்து கேட்டா, இல்ல போன்ல கேட்டா, நாங்க படமே பாக்கலன்னு சொல்லணும். போன்ல யாருகிட்டயாவது வீடியோ இருந்தா அழிச்சிருங்க. பேஸ்புக்ல போட்டிருந்தா தூக்கிருங்க."

"அப்ப அன்னிக்கு மண்டபத்துல இருந்தது யாரு?" என்றாள் முன்வரிசையில் நின்ற ஒரு கிழவி. என்னைக் குழந்தையில் குளிப்பாட்டியவள், பயமே கிடையாது.

"நீங்கெல்லாம் படக்குழு ஆத்தா. பொதுமக்கள் இல்ல."

"அப்புடி வா. ஓட்டு கேக்க வர்றப்ப மட்டும் பொதுமக்க. மத்த நாளு என்னான்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு நானே ஓர் அறை விடலாம்போல் இருக்கிறது.

ஒத்திகையும் பார்த்தோம். ஒத்திகை பார்க்காமல் விட எனக்கு மனசு வராது. நான் வெள்ளைக்காரர் மாதிரி இடுப்பில் கைவைத்து நின்று, "நீங்க இந்தப் படத்தைப் பாத்தீங்களா?" என்றேன். நாற்பது பேரும் ஒரே குரலில், "எந்தப் படம்?" என்றார்கள். அவ்வளவு அழகாகச் சொன்னார்கள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இவர்களை வைத்து இன்னும் பெரிய படமே எடுத்திருக்கலாம்.

வரிசையில் அக்காவும் நின்றாள். அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் காம்பராவுக்குப் போனேன். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தாள்.

"இத நான் யாருக்கும் அனுப்பல தம்பி. என்கிட்ட மட்டும்தான் இருக்கு."

"உங்ககிட்ட இருக்கிறதுதான் அக்கா ஆபத்து. நீங்க பஸ்ஸிலயே போடுறீங்க. யாராவது போன்ல புடிச்சுப் போட்டா?"

"இனிமே போடல. காதுல வச்சு மட்டும் கேக்குறேன்."

"அக்கா, படம் செலக்ட் ஆனா உங்க முகம் வெளிநாட்டுல ஓடும். எத்தினி பேரு பாப்பாங்க."

"வெளிநாட்டுக்காரங்க பாத்து எனக்கு என்னா ஆகப்போகுது?" என்றாள். கோபமாக இல்லை, உண்மையிலேயே கேட்டாள்.

பதில் தெரியாத இடத்தில் நான் பகிடி விடுவேன், அதுதான் என் வியாதி. "ரெட் கார்ப்பெட்ல நடக்கலாம் அக்கா. அங்க அட்டை இருக்காது" என்றேன். சிரிக்கவில்லை. "படத்தோட நல்ல காப்பி முழுசா தர்றேன், பெருசா டீவியில போட்டுப் பாருங்க" என்றேன். போனை நீட்டினாள். "எனக்கு அழிக்கத் தெரியாது, நீயே அழி."

அழித்தேன். அழித்தவை சேருகிற பெட்டிக்குள்ளும் போய், அங்கிருந்தும் அழித்தேன். நான் வேலையில் சுத்தமான ஆள்.

படத்தை அனுப்ப ஹட்டன் டவுனுக்குப் போக வேண்டியிருந்தது; தோட்டத்தில் சிக்னல் பலாமரத்தில் ஏறினால்தான் கிடைக்கும். போன் கடை வைத்திருக்கிற நானா, அதாவது முஸ்லிம் அண்ணன், ஒரு மூலையில் என் லெப்டொப்பை வைக்க இடம் கொடுத்தார். காலை பத்து மணிக்குத் தொடங்கியது மத்தியானம் மூன்றுக்கு முடிந்தது. நூறு சதவீதம் என்று வந்தபோது கை கூப்பினேன். நானா எட்டிப் பார்த்து, "என்னத்த வாப்பா, மையத்து வீட்டு வீடியோவா?" என்றார். சாவு வீடு இல்லை, பேய்ப் படம் நானா என்றேன். "ரெண்டும் ஒண்டுதானே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து மாதம் காத்திருந்தேன். அந்த ஐந்து மாதத்தில் என்னுடைய ஒத்திகை தோட்டம் முழுக்கப் பரவியது. வெள்ளைக்காரர் வரவில்லை. வராத ஆளுக்காகப் பழக்கிய வசனத்தை ஜனங்கள் என்ன செய்வார்கள், தங்களுக்குள்ளேயே விட்டுக்கொண்டார்கள். என்னைக் கண்டாலே பிள்ளைகள்கூட "எந்தப் படம்?" என்பார்கள். ஸ்டோரில், கோயிலில், கடையில், யாராவது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி வாயெடுத்தால் உடனே இன்னொருவர் "எந்தப் படம்?" என்பார், சிரிப்பு. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நான் எழுதிய வசனங்களிலேயே ஜனங்கள் வாயில் நின்றது அது ஒன்றுதான்.

அக்காவை அது எப்படிப் போய் அடித்தது என்று ஒருநாள் பைப்படியில் பார்த்தேன். நான் குடத்தோடு வரிசையில் நின்றேன். அவளும் மச்சானும் ஏதோ பேச்சில் தடித்திருந்தார்கள். வெந்நீர் போட்டுவைக்காத விசயம் என்று நினைக்கிறேன்.

"இந்தா இந்தான்னு மாட்டைக் கூப்புடுற மாதிரிக் கூப்புடாதீங்க. அன்னிக்கு மண்டபத்துல மட்டும் பொண்டாட்டின்னு கத்தத் தெரிஞ்சுச்சுல்ல?"

"நான் எங்க கத்துனேன்?" என்றார் மச்சான்.

"கத்தல? எல்லாரும் கேட்டாங்களே! படத்துல நான் திரும்புறப்ப?"

மச்சான் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அந்த மனிதர் முகத்தில் நான் அதுவரை சிரிப்பைப் பார்த்ததில்லை. லேசாக ஒன்று வந்தது.

"எந்தப் படம்?" என்றார்.

வரிசை முழுக்கச் சிரித்தது. அக்கா முன்னால் நின்றவளின் தோளைப் பிடித்து உலுக்கி, "நீ சொல்லு, நீ கேட்டதானே?" என்றாள். அவள் சிரிப்பை அடக்க முடியாமல், "எந்தப் படம் அக்கா? நாங்க படமே பாக்கலயே" என்றாள். கெட்ட எண்ணம் கிடையாது. நல்ல பெண்தான், விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அக்கா அடுத்து என்னைப் பார்த்தாள். நான் குடத்தைப் பைப்புக்கு அடியில் வைக்கிற மும்முரத்தில் இருந்தேன். வெள்ளைக்காரருக்குப் பயந்து அல்ல. அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றிரவிலிருந்து அக்கா என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

பதில் வந்தது ஒரு புதன்கிழமை. இந்த ஆண்டு மிகப் பலமான படங்கள் வந்தன, தங்களுடைய படத்தைச் சேர்க்க இயலவில்லை, தொடர்ந்து படைக்கவும். எல்லாருக்கும் அனுப்புகிற கடிதத்தில் என் பேரை மட்டும் ஒட்டியிருந்தார்கள். எழுத்தின் அளவு வேறாக இருந்தது. எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட அதைச் சரிபார்த்துத்தான் கொடுப்போம்.

எதனால் தள்ளினார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. மண்டபத்து விசயம் எப்படியோ அவர்கள் காதுக்குப் போய்விட்டதோ என்று ஒரு பக்கம் பயம். படிவத்திலிருந்த விதிமுறைகளைத் திறந்து, இந்த முறை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக வாசித்தேன். சிவப்பு வரிக்குக் கீழே, அதே பந்தியில், சாதாரணக் கறுப்பில் இன்னொரு வரி இருந்தது. மேற்கண்ட நிபந்தனை முழுநீளப் படங்களுக்கு மட்டுமே. குறும்படங்கள் முன்பே திரையிடப்பட்டிருந்தாலும் ஏற்கப்படும்.

சிவப்பைப் பார்த்ததும் பயந்து கறுப்பை வாசிக்காமல் விட்டிருக்கிறேன். தோட்டத்துத் துரையிடமிருந்து வருகிற கடிதத்தை எங்கள் ஆட்கள் வாசிப்பது இப்படித்தான். மிரட்டுகிற வரி வந்ததும் மீதியை மடித்துவிடுவோம். அம்மனுக்கு மட்டுமல்ல, ஹட்டனில் இருக்கிற எல்லாருக்கும் போட்டுக் காட்டிவிட்டுக்கூட நான் 'ஆம்' என்று எழுதியிருக்கலாம். படத்தை அப்போதும் தள்ளியிருப்பார்கள், அது வேறு. ஆனால் அக்காவின் போனில் அந்த இரண்டு நிமிடம் இருந்திருக்கும்.

அவளிடம் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் ஐந்து மாதம் ஒரு பொய்யைச் சுமந்ததில் எனக்குத் தோள் வலித்துவிட்டது. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள்.

"அப்ப அழிச்சிருக்க வேண்டியதில்ல."

"இல்லக்கா."

"திரும்ப எடுக்க முடியாதா?"

நானாவிடம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஏதேதோ செய்துபார்த்துவிட்டு, "இவ்வளவு மாசத்துக்குப் பொறகு ஒண்டும் மிஞ்சாது தம்பி" என்று போனைத் துடைத்துக் கொடுத்தார். அக்காவிடம் படத்தின் நல்ல காப்பியைக் கொடுத்தேன். டீவி மேலே வைத்தாள். போட்டாளா என்று தெரியாது.

எனக்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றுதான். மறுபடி மண்டபத்தில் போடலாம் என்று ஏற்பாடு செய்தேன். ஞாயிறு மத்தியானம், அதே சாக்கு, அதே துணி. மச்சானை நானே போய்க் கூப்பிட்டேன். "அன்னிக்கு மாதிரி ஒரு வார்த்தை மச்சான்" என்று காதோடு கெஞ்சினேன். "சும்மா இரு" என்றார்.

கூட்டம் முதல் தடவையில் பாதிகூட இல்லை. உள்ளே நுழைந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்து, "எந்தப் படம்?" என்றுவிட்டே நுழைந்தார்கள். அக்கா கடைசியில் வந்தாள். சலவைச் சேலை கட்டி, பூ வைத்திருந்தாள். வந்து மச்சானுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. அவருக்கு எதிர்ச் சுவர் ஓரமாக, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. பேர் கூப்பிடுகிற காட்சி நெருங்கியபோது அக்கா போனை எடுத்து உயர்த்தினாள். திரையை அல்ல, மச்சானைப் பிடித்தாள். திரை வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்து அசைந்தது. திரையில் அவளுடைய முகம் பனிக்குள்ளிருந்து திரும்பியது. எல்லாருக்கும் தெரிந்த காட்சி என்பதால் யாரும் கத்தவில்லை. மச்சான் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அக்காவின் கை ஒரு விரற்கடை முன்னால் வந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. காட்சி மாறி, கொழுந்து நிறுக்கிற இடம் வந்துவிட்டது. அக்கா போனை இறக்கவில்லை. இன்னும் பதினோரு நிமிடப் படம் பாக்கி இருந்தது. அவ்வளவு நேரமும் கையை உயர்த்தியபடியே, வலிக்கும்போது மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, அவரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.